உடன்பிறந்த மொழிகளே உரைகல்

ஒரு மொழியின் பிறப்பையும் உறவையும் ஆராய்வது, அம்மொழியைப் பேசும் இனத்தின் முன்னை வரலாற்றையே ஆராய்வதாகும். ஆகலின், அவ்வாராய்ச்சி எந்நாட்டிலும் அறிஞர்தம் நூலறைக்குள் அடங்கி நின்றதில்லை. அரசியலும் குலப்பெருமையும் சமயமும் அதனுட் புகுந்து ஆரவாரஞ் செய்தே வந்துள்ளன. தமிழுக்கு நேர்ந்ததும் அதுவே. ‘வடமொழியே எல்லா மொழிக்குந் தாய்; தமிழ் அதன் வயிற்றிற் பிறந்தது’ என்று ஒரு சாரார் நெடுங்காலம் முழங்கினர்; இன்றும் அம்முழக்கம் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. மற்றொரு சாரார், தமிழ்ப்பற்றின் மிகுதியால், உலக மொழிகளுள் ஒலியொத்த சொல் எதனைக் கண்டாலும் அதனைத் தமிழென்று எழுதி மனநிறைவு எய்துகின்றனர். முன்னவர் தமிழுக்குப் பகைவர், பின்னவர் அன்பர். ஆயினும், அன்பர் கூறும் சான்றில்லாக் கூற்றுகளே பகைவர் கையிற் படைக்கலமாகின்றன. அவருடைய தவறொன்றை எடுத்துக்காட்டி, தமிழின் மெய்யான தொன்மையனைத்தையும் நகைத்து ஒதுக்குவார்க்கு அது வாய்ப்பாகின்றது. ஆதலால், தமிழின் பழமையை நிறுவவல்ல சான்றுகள் யாவை, நிறுவமாட்டாதன யாவை என்று வகுத்துக்கொள்ளுதல் தனித்தமிழ் அன்பர்க்கு இன்று தலையாய கடமை ஆகின்றது.

இத்தகைய வழக்கு தமிழுக்கு மட்டும் வாய்த்ததன்று. ஐரோப்பாவின் தென்கிழக்கில், கிரேக்க நாட்டிற்கு வடக்கே, அல்பானியர் என்னும் சிறிய இனத்தார் வாழ்கின்றனர். அவர்தம் மொழி எம்மொழியின் வழிவந்தது என்னும் வினா இன்றுவரை முடிந்த முடிபை எய்தவில்லை. பண்டு அந்நிலத்தில் வழங்கிய இல்லிரிய மொழியின் கான்முளை அது என்பர் ஒரு சாரார். திரேசியத்தின் வழியது என்பர் மற்றொரு சாரார். தேசிய மொழியொடு தொடர்பு காட்டுவாரும் உளர். வழக்குத் தீராமைக்குக் கரணியம் எளிது. இல்லிரியமும் திரேசியமும் ஊர்ப்பெயர் ஆட்பெயர்களையும் மிகச் சில எழுத்துகளையுமே விட்டுவிட்டு மறைந்தொழிந்தன. அல்பானியமோ காலத்தாற் பிந்தியே எழுத்தேறியது. காலம் உறுதிசெய்யப்பட்டவற்றுள் மிகப் பழைய அல்பானியத் தொடர் கி.பி. 1462 ஆம் ஆண்டினது. முதல் நூல் 1555 இல் வெளிவந்த வழிபாட்டு நூல். இடையிலுள்ள ஆயிரத்தைந்நூறு ஆண்டு வெற்றிடத்தைத் தத்தம் விருப்பத்தால் ஒவ்வொருவரும் நிரப்பிக்கொள்ளுகின்றனர்.

அம்மொழியின் வரலாற்றில் தமிழர் கருதற்குரிய செய்தி ஒன்றுண்டு. அல்பானியச் சொற்றொகுதியுள் மிகப் பெரும்பகுதி இலத்தீனம், கிரேக்கம், சிலாவியம், துருக்கியம் ஆகியவற்றிலிருந்து வந்து புகுந்தது. அச்சொற்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவன், அதனை ஒரு கலவை மொழியென்றோ இலத்தீனத்தின் சிதைவென்றோ கருதிவிடுவான். ஆயின், பிராஞ்சு பொப்பு என்னும் செருமானிய அறிஞர் 19 ஆம் நூற்றாண்டின் இடையில் அதன் இலக்கண அமைப்பை ஆராய்ந்து, அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் தனிக்கிளை என்று காட்டினார். எத்துணைச் சொற்கள் கடன்பெறப்பட்டனவாயினும், மொழியின் குடிப்பிறப்பைக் கடன் மாற்றுவதில்லை. பிறர் வீட்டுப் பண்டங்களை இரவல் வாங்கி வைத்திருப்பவன், அவ்வளவாற் பிறர் மகனாகிவிடுவானா?

இந்த உண்மையைத் தமிழ்க்குடும்பத்து மொழிகளின் பொருட்டு முதன்முதல் முறையாக நிறுவியவர் சென்னையில் ஆட்சித்தலைவராயிருந்த பிராஞ்சிசு வைட்டு எல்லிசு. 1816 இல், காம்பெல் எழுதிய தெலுங்கிலக்கணத்திற்கு முன்னுரைக் குறிப்பாக அவர் வரைந்த கட்டுரை, தெலுங்கும் தமிழும் கன்னடமும் வடமொழியிற் பிறந்தனவல்ல என்றும், தம்முள் ஒரே அடிமரத்தின் கிளைகள் என்றும் வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக நிரைப்படுத்திக் காட்டிற்று. நாற்பதாண்டு கழித்து, 1856 இல், கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் அவ்வுண்மையை உலகறியச் செய்தது. வடமொழிச் சொற்கள் முற்றும் நீங்கினும் தமிழ் தனித்தியங்க வல்லது என்பதனை அவர் ஐயத்திற்கிடமின்றி எடுத்துரைத்தார். 1916 இல் மறைமலையடிகள் தோற்றுவித்த தனித்தமிழ் இயக்கம் அவ்வுண்மையைச் செயலாக்கிக் காட்டிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நூல்கள் பெற்றுள்ள தூய நடையே அதற்குச் சான்று.

எல்லிசும் கால்டுவெல்லும் கையாண்ட அளவுகோல் யாது? ஒலியொப்புமை ஒன்றே அன்று. மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், உறுப்புப்பெயர், வேற்றுமையுருபு, வினையீறு என்பன எளிதிற் கடன்பெறப்படாதவை. அவற்றில் ஒப்புமை வேண்டும். அவ்வொப்புமையும் ஓரிரு சொல்லில் நில்லாது, ஒரே ஒலிமாற்றம் பல சொற்களிலும் ஒரே நெறியில் நிகழ்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ளவழியே உறவு உண்டு; இல்லாதவழி உள்ளது வெறும் எதிர்பாரா ஒப்புமை அல்லது கடன்.

இவ்வளவுகோலின் வன்மையை விளக்கப் பிராகூயி மொழியினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை. தமிழகத்திற்கு மிகத் தொலைவில், பாக்கித்தானத்துப் பலுச்சித்தானத்தின் கலாத்து மலைப்பகுதியில், இருபது நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் அதனைப் பேசுகின்றனர். அவர்தம் சொற்களுட் பெரும்பான்மை பலூச்சியும் பாரசீகமும் அரபியுமே. எண்ணுப்பெயர்களுள் நான்கு முதலியன பாரசீகத்திடம் கடன்பெற்றவை. ஆயினும் ஒன்றும் இரண்டும் மூன்றும் ‘அசிட்டு, இரட்டு, முசிட்டு’ என்றே நிற்கின்றன. முன்னிலை ஒருமை ‘நீ’. முன்னிலைப் பன்மை ‘நும்’. கல்லைக் ‘கல்’ என்றும், கண்ணைக் ‘கன்’ என்றும், முதலெழுத்தைத் தொண்டையில் உரசி ஒலிக்கின்றனர். வாய் அவர்க்கு ‘பா’. பால் ‘பால்’ தான். ஊரும் உடையும் சமயமும் மாறிப்போன ஓர் இனத்தின் வாயில், ‘நும்’ என்னும் கழகக் காலத் தமிழ்ச்சொல் இன்றும் வழங்குகின்றதெனின், அது கேட்டு உளம் சிலிர்க்காத தமிழன் யார்?

சிலிர்ப்பு ஒருபுறம் நிற்க. பிராகூயி மக்கள் அங்கே எவ்வாறு வந்தனர் என்பதில் அறிஞர் இருவேறு கொள்கையர். சிந்துவெளிக் காலந்தொட்டு அங்கேயே எஞ்சிநின்ற பழங்குடியினர் அவர் என்பது ஒன்று. நடு இந்தியப் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குள் வடமேற்கே பெயர்ந்தவர் என்பது மற்றொன்று. பின்னதனைக் கூறுவோர், பிராகூயியிலுள்ள ஈரானியச் சொற்கள் பெரும்பாலும் பலூச்சி வழியே வந்தனவாதலையும், பழைய ஈரானியக் கடன்சொற்கள் அதன்கண் காணப்பெறாமையையும், பீகார்-சார்கண்டுப் பகுதியில் வழங்கும் குடுக்கு, மாலுதோ மொழிகளோடு அது கொண்டுள்ள நெருக்கத்தையும் காட்டுகின்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. பிராகூயி தமிழ்க்குடும்பத்து மொழி என்பது முடிந்த உண்மை; அதனை மட்டும் பற்றிச் சிந்துவெளி தமிழருடையதே என்று முடிவுகட்டுதல் முடியாத வழக்கிற்குத் தீர்ப்பெழுதுதலாகும்.

இனி, தொலைவிலுள்ளவற்றை விட்டுத் திருவண்ணாமலையின் அடிவாரத்திற்கே வருவோர்க்கு, மொழிநூலின் பாடம் முழுவதும் அங்கே கல்லிலும் பெயரிலும் எழுதிக்கிடத்தல் புலனாகும்.

முழுநிலா நாள்தோறும் நூறாயிரக்கணக்கில் மலைவலம் வரும் அடியார்கள், ‘அருணாசலம்’ என்னும் பெயரையும் ‘அபீதகுசாம்பாள்’ என்னும் பெயரையும் கேட்டவாறே செல்லுகின்றனர். ஆயின், 7 ஆம் நூற்றாண்டிற் பாடிய திருஞானசம்பந்தர் வாயில் அம்மலை ‘அண்ணாமலை’, அம்மை ‘உண்ணாமுலை’. இவ்விரு பெயரிணைகளுள் மூலம் எது, வழி எது என்று காண்பதற்குப் பற்றோ பகையோ வேண்டுவதில்லை. ‘பீதம்’ என்பது பருகப்பட்டது, ‘அபீதம்’ பருகப்படாதது, ‘குசம்’ முலை. எனவே ‘அபீதகுசாம்பாள்’ என்பது உண்ணாமுலையம்மை என்பதன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. நூலில் முன்னர்க் காணப்படும் பெயர் மூலம். காலத்தாற் பின்வந்து அதன் பொருளை அப்படியே பெயர்த்துரைப்பது வழி. ‘அருணாசலம்’ என்பதோ பொருளைப் பெயர்க்காமல் ஒலியை ஏறத்தாழ ஒற்றிச் செம்மலை என்னும் புதுப்பொருளை ஏற்றிக்கொண்டது போலும். ‘அண்ணா’ என்பது அண்ணுதற்கு, அதாவது நெருங்குதற்கு, அரியது என்னும் பொருளதா, அண்ணாந்து நோக்கும் உயர்ச்சியைக் குறிப்பதா என்பதில் அறிஞர் வேறுபடலாம். இரண்டும் தமிழ் வேரே. தாயின் பெயரைக் கோவிற் பலகையில் இரண்டாமிடத்திற்குத் தள்ளிவிட்டு, அதன் மொழிபெயர்ப்பை முதலிடத்தில் எழுதிவைத்தல் எவ்வகை அறம்?

பெயரை விட்டுக் கல்லிற்கு வருவோம் என்பார்க்குத் தென்பெண்ணைக் கரையிலுள்ள சம்பை காத்திருக்கின்றது. திருக்கோவலூரை அடுத்த அச்சிற்றூரின் குன்றில் 1981 இல் ஒரு தமிழிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. ஒரே வரி: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பள்ளி என்பது அதன் செய்தி. அவ்வொரு வரி, நூறாண்டுக் கால ஆராய்ச்சிச் சண்டை ஒன்றனை முடித்துவைத்தது.

சண்டை இது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் ஆட்சிக்குட்படாத தென்னாட்டாராகச் சோழரையும் பாண்டியரையும் சதியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் குறித்தான். ஏனைய மூவரையும் யாவரும் அறிந்தனர். சதியபுத்திரர் யாவர் என்பது மட்டும் விளங்கவில்லை. சிலர் அவரைத் துளுநாட்டில் தேடினர். சிலர் மராட்டியத்திற் பெயரொப்புமை கண்டனர். சிலர் காஞ்சியிற் குடியேற்றினர். ‘சத்தியம்’ என்னும் வடசொல்லை உள்ளே வைத்துக்கொண்டு தேடினமையால், கதவு எங்கும் திறக்கவில்லை. தகடூர் அதியமான் குடியே அது என்று சிலர் முன்னரே உய்த்துரைத்தனர். சம்பைக் கல் அவர் கூற்றை மெய்யாக்கிற்று. ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்தவனும் கோவலூரை வென்றவனுமாகப் புறநானூறு போற்றும் குடிப்பெயர், அசோகன் எழுதிய பட்டத்தோடு ஒரே கல்லில் ஒருங்கு நின்றது.

‘சதிய’ என்பது ‘அதிய’ ஆயது எங்ஙனம்? விடை தமிழ்ச்சொற்களுக்குள்ளேயே உண்டு. சிறகு, இறகு என்றும். சிப்பி, இப்பி என்றும் இணைந்து வழங்குவனவற்றைத் தமிழறிந்தார் அறிவர். பழங்காலத்தே சொன்முதற் சகரம் தமிழிற் பல சொற்களினின்று நழுவிற்று. இதற்கு மறுக்கலாகாச் சான்று தருவது கோண்டி மொழி. நடு இந்தியக் காடுகளிலும் மலைகளிலும் வாழும் கோண்டர், ஐந்தினைச் ‘சையுங்’ என்றும், ஆறினைச் ‘சாறுங்’ என்றும் எண்ணுகின்றனர். தமிழ் இழந்த சகரத்தை எழுத்தறியாக் காட்டுமக்கள் போற்றி வைத்திருந்தனர். ஐந்து, ஆறு என்னும் எண்ணுப்பெயர்களில் நிகழ்ந்த அதே மாற்றமே அதியன் பெயரிலும் நிகழ்ந்தது. ஒரே நெறி, பல சொல்: இதுவே மொழிநூலார் வேண்டும் சான்று. தமிழே எவ்வகையானும் மாறாத மூலம், ஏனையவெல்லாம் அதன் சிதைவு என்று பிடிவாதம் பிடிப்பவன் இப்பூட்டைத் திறந்திருக்கமாட்டான். திறவுகோல் தங்கையின் கையிலிருந்தது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. தமிழிற் செவி, மலையாளத்திற் செவி, தெலுங்கிலும் செவி. கன்னடத்திலோ கிவி. குடுக்கு, பிராகூயி ஆகியவற்றிலும் இச்சொல் ககர வழிப்பட்ட ஒலியோடே தொடங்குகின்றது. பழைய ககரமே இகர எகரங்களின் முன் தமிழிற் சகரமாயிற்று என்பது இதனாற் பெறப்படும். சேரல் என்னும் பெயரை அசோகன் கல்வெட்டு ககரத்தோடு எழுதியமைக்கும் இதுவே கரணியம் என அறிஞர் பலர் கொள்வர். அங்ஙனமாயின் தமிழுக்குப் பெருமைக் குறைவா? இல்லை. ழகரத்தைக் காத்துநிற்பனவற்றுள் தமிழும் மலையாளமும் தலையாயவை. தெலுங்கிலும் இற்றைக் கன்னடத்திலும் அது மறைந்தது. ஆய்தத்தைக் காத்தது தமிழ் ஒன்றே. அஃது, பஃது என்பவற்றிலுள்ள அவ்வொலி, குடும்பத்து மூலமொழியிலிருந்த ஒரு பழைய ஒலியின் எச்சம் என்று பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி 2003 இல் வெளியிட்ட தம் பெருநூலிற் காட்டியுள்ளார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலான இலக்கியத்தையும் இலக்கணத்தையும் அறாது காத்தது இக்குடும்பத்தில் தமிழ் ஒன்றே. மூத்த மகள் வீட்டின் ஆவணப் பேழையைக் காத்தாள். இளையவர் சிலர் பழைய அணிகலன் ஒன்றிரண்டைக் காத்தனர். அனைத்தையும் ஒருங்கு வைத்தாலன்றித் தாயின் உருவம் தெரியாது. 1961 இலும், விரித்து 1984 இலும், பரோவும் எமனோவும் வெளியிட்ட திரவிடச் சொற்பிறப்பகராதி ஐயாயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்ட சொல்நிரைகளை அங்ஙனம் ஒருங்கு வைத்தது. மீனம், நீரம், மயூரம் முதலிய வடசொற்கள் இக்குடும்பத்தினின்று வடமொழி பெற்ற கடன் என்று காட்டியவரும் அந்தப் பரோ அவர்களே. அவர் ஆக்சுபோர்டில் வடமொழிப் பேராசிரியர் என்பது நினைவிற்குரியது.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் உள்ளது. மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னனது செங்கண்மா அதுவே. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களின் வயல்வரப்புகளில் நின்ற நடுகற்களைப் படியெடுத்துத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1972 இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல், பல்லவ அரசன் முதலாம் மகேந்திரனது முப்பத்துநான்காம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காத்துப் பொருது வீழ்ந்த கருந்தேவகத்தி என்பான் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்த நாயின் உருவமும், ‘கோவிவன்’ என்னும் அதன் பெயரும் அதன்கண் உள்ளன. அரசர் பெயர்களே முழுதும் கிடைக்காத நாட்டில், ஆயிரத்துநானூறு ஆண்டுக்கு முன் உயிர்விட்ட வீரனையும் அவன் நாயையும் பெயரோடு போற்றிய மக்கள் தமிழ்மக்கள்!

அக்கல்லில் மொழிநூலார் காண்பது மற்றொன்று. அரசன் பெயர் ‘மயீந்திரபருமர்’ என்று வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. பல்லவர் தம் செப்பேடுகளிலும் குடைவரைகளிலும் கிரந்த எழுத்தும் வடமொழியும் ஆண்ட காலம் அது. ஆயினும் செங்கத்துச் சிற்றூரில் உளியெடுத்தவன், வேந்தனது பெயராயினும் தமிழ் ஒலிக்கு இணங்கியே எழுதினான். வடசொல் தமிழிற் புகுங்கால் வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தோடு பொருந்துதல் வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறி, ஏட்டிற் கிடந்த வெற்று நெறியன்று. ஊர்ப்புறத்துக் கல்தச்சன் கையிலும் உயிரோடிருந்தது. வேந்தன் பெயரையே தமிழாக்கிய நாட்டில், இன்று பிள்ளைகளின் பெயரில் வடவெழுத்தில்லாதது அரிதாயிற்று.

இவ்வாறு கல்லும் சொல்லும் கைகொடுத்து நிற்க, சான்று முற்றாதவற்றின்மேல் தமிழின் தொன்மையை ஏற்றிவைத்தல் தேவையற்றது. கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றிய நினைவு தமிழிலக்கியத்திற் பழையது, போற்றத் தக்கது. ஆயின் ‘இலெமூரியா’ என்னும் பெயர், 1864 இல் பிலிப்பு சிகிளேட்டர் என்னும் விலங்கியலார், தேவாங்கினத்தை ஒத்த விலங்குகள் மடகாசுகரில் வாழ்தற்கு ஏது காட்டப் புனைந்தது. நிலத்தட்டுகள் நகரும் இயல்பு 1960-களில் நிறுவப்பட்டபின், அக்கண்டத்திற்கு அறிவியலில் இடமில்லாமற் போயிற்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்ததும், ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்ததும், பின்னர்க் கடல் கரையேறியதும் உண்மை. கடல்கோள் நினைவுக்கு அவ்வுண்மையொடு தொடர்புண்டா என்று ஆராய்தல் தகும். பெருங்கண்டம் ஒன்றனைப் படம்வரைதல் தகாது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் ஆழ்ந்த ஆழம் பிறர் எவர்க்கும் வாய்த்ததன்று. 1974 இல் அவர் தலைமையில் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தமிழர் பெற்ற பெருஞ்செல்வம். அவர் காட்டிய வேர்களைக் கற்பவர், அவர் காலத்திற்குப் பின் வெளிப்பட்ட சான்றுகளோடு அவற்றை உரசிப் பார்த்தலே அவருக்குச் செய்யும் உண்மை வழிபாடு. உரசியபின் எஞ்சும் பொன் மிகப் பெரிது.

ஏலம், சிந்துவெளி என்னும் இரண்டும் இத்தகையனவே. ஈரானின் தென்மேற்கிற் பண்டு வழங்கிய ஏலம மொழிக்கும் திரவிடக் குடும்பத்திற்கும் உறவுண்டென்று தாவீது மெக்கால்பின் 1981 இல் விரிவாக எழுதினார். ஏற்றார் சிலர், ஏலார் பலர். 1924 இல் சான் மார்சல் உலகிற்கு அறிவித்த சிந்துவெளியின் எழுத்தைத் திரவிடம் என்று கொண்டு ஈராசு அடிகளாரும் அசுகோ பர்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் ஆராய்ந்தனர். மீன் குறியீட்டை விண்மீனொடு இயைத்துக் காணும் விளக்கம் அறிவுக்கு இசைவது. ஆயினும் அவ்வெழுத்து இன்னும் யாவரும் ஒப்பப் படிக்கப்படவில்லை. அதனைப் படித்தார்க்குப் பத்து நூறாயிரம் அமெரிக்க வெள்ளி பரிசென்று 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு அறிவித்ததே, அது படிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. குடும்பத்தின் அகவையோ ஏறத்தாழ 4,500 ஆண்டு என்று 2018 இல் வெளிவந்த சொல்லொப்பீட்டுக் கணிப்பொன்று கூறுகின்றது. அக்காலம் சிந்துவெளி நகரங்கள் செழித்த காலத்தோடு ஒத்தல் நம்பிக்கை தருவது. முடிவு தருவது அன்று.

சான்று கேட்டல் தமிழர் மட்டும் செய்யவேண்டிய கடமையும் அன்று. கீழடியில் முதலிரு பருவ அகழாய்வு நிகழ்த்திய அமர்நாத்து இராமகிருட்டிணன், 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் நடுவண் தொல்லியல் துறைக்கு அளித்தார். ஈராண்டு கடந்து, 2025 மே மாதத்தில், அதனைத் திருத்தித் தருமாறு அத்துறை கேட்டது. அவர் தம் முடிபுகளில் உறுதியாய் நின்றார். ‘சான்று எங்கே?’ என்று தமிழரைக் கேட்பவர், சான்று ஏட்டில் ஏறி மேசைமேல் வந்தபின் அதனை வெளியிடத் தயங்குவது ஏன்? கீழடிப் பானையோட்டில் குவிரன், ஆதன் என்று தம் பெயரைக் கீறியவர் அரசரல்லர், குடிமக்கள். சிவகளையின் இரும்பு கி.மு. 3345 அளவினது என்று 2025 சனவரியில் வெளியிடப்பட்ட காலக்கணிப்பு தமிழ்நிலத்தின் தொன்மையைக் காட்டும், இரும்பு பேசாது. பேசுவது எழுத்துப் பொறித்த ஓடே. ஆகலின் தமிழுக்கு ஓடு ஒவ்வொன்றும் இன்றியமையாதது. அதன்மேல் எழுந்த அறிக்கை முடங்கிக்கிடத்தல் பொறுக்கலாகாதது.

இன்னொரு கேடு ஓசையின்றி நிகழ்கின்றது. உரைகல்லாகிய உடன்பிறந்த மொழிகள் தேய்கின்றன. 2011 குடிக்கணக்கின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29 நூறாயிரம் பேர். குடுக்கு பேசுவோர் ஏறத்தாழ 20 நூறாயிரம் பேர். இவ்விரண்டும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. அதே கணக்கில் தம் தாய்மொழி வடமொழி என்று எழுதித் தந்தோர் 24,821 பேர். அது அட்டவணையில் உண்டு. இதனினும் வெளிப்படையான ஓரவஞ்சனை வேறு வேண்டுமா? தமிழகத்தின் நீலமலையிலேயே தோடமும் கோத்தமும் மிகச் சிலர் வாயில் ஊசலாடுகின்றன. அவற்றைக் கற்று எழுதிவைக்க 1935 முதல் மூன்றாண்டு இந்நாட்டில் தங்கியவர் கடல்கடந்து வந்த எமனோ. தமிழ்ப் பல்கலைக்கழகங்களிற் புலவர் பட்டம் பெற்று வெளிவரும் ஆயிரவருள், தோடமொழியில் பத்துச் சொல் அறிந்தவர் எத்துணைப் பேர்?

தமிழே தாய் என்று மேடையில் முழங்குவோர், அத்தாயின் மற்றை மக்கள் பசித்து இறத்தலைப் பாராதிருத்தல் முறையாகுமா? கோண்டியும் குடுக்கும் அட்டவணையேறத் தமிழர் குரல் கொடுத்தல் வேண்டும். உறவுமொழி ஒன்றேனும் கற்றல் தமிழ்ப் புலவர் படிப்பிற் கட்டாயமாதல் வேண்டும். பள்ளித் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தமிழியும் வட்டெழுத்தும் கற்று, ஆண்டிற்கு ஒருமுறையேனும் தம் மாணாக்கரைத் தம் ஊர்ப்புறத்துக் கல்லிடம் அழைத்துச் சென்று படிப்பித்தல் வேண்டும். துணிதுவைக்கும் கல்லாகவும் வரப்பில் அணைகல்லாகவும் கிடக்கும் நடுகல் எதனையும் கண்டவர் உடனே தொல்லியல் துறைக்கு எழுதுதல் வேண்டும். அண்ணாமலையின் அம்மையை உண்ணாமுலை என்றே வாயார அழைத்தல் வேண்டும்.

கோண்டர் ‘சாறுங்’ என்று எண்ணும்போதெல்லாம் அதியன் குடிப்பெயர்க்குச் சான்று கூறுகின்றனர். அவர் அதனை அறியார். அதனை அறிந்த தமிழர் அவர்க்குப் பட்ட கடனைத் தீர்க்கும் நாளே, தமிழ் தன் குடும்பத்தின் மூத்தவளாய் நிமிர்ந்து நிற்கும் நாள்.